லாங்வுட் சோலையில் ஒரு சிவப்பு இலை

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்தது. வனத்துறையில் அனுமதி வாங்கி, கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் நாலு பேரும் போனோம். இரண்டு பேர் என்னோடு டான்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து எடுத்தவர்கள். இன்னொருத்தி ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறந்த படுகப் பெண், என் பள்ளித்தோழி.

"கீழே பாருடி" என்றாள். ஈரச் சருகின்மேல் செக்கச்செவேலென்று ஓர் இலை. ஓரமெல்லாம் ரம்பப் பல். விக்கி மரத்து இலையாம். விக்கிப்பழம் எவ்வளவோ தின்றிருக்கிறேன், மரத்தைப் பார்த்ததில்லை. மரம் மொத்தமாக உதிர்க்காது; உதிரப்போகிற இலை மட்டும் சிவக்கும். பச்சைக்குள் அங்கொன்று இங்கொன்று. அண்ணாந்து தேடித் தேடி எண்ணினோம்.

1974-இல் பத்து வயதில் இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்தேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். அதில் நாங்கள் ஐந்து பேர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் மலை. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது. பஸ் ஜன்னலில் தேயிலையைக் கண்டதும் அம்மா, "நம்ம தோட்டம் மாதிரியே இருக்கே" என்று அழுதுவிட்டாள்.

எனக்கும் ரொம்ப காலம் அதே நினைப்புதான். எந்தச் சரிவைப் பார்த்தாலும் இலங்கையில் நாங்கள் இருந்த தலவாக்கலைதான் தெரியும். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் 'சிலோன்காரங்க'. வீட்டு அறையைக் காம்பரா என்றதற்கு வகுப்பே சிரித்தது. இந்தப் படுகத் தோழி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் தூக்குச்சட்டியில் அவரைக் குழம்பு கொண்டுவந்தாள். அந்த ருசி தலவாக்கலையில் கிடையாது.

சோலையும் எனக்கு அப்படித்தான், தலவாக்கலையை நினைவூட்டாத ஒன்று. மொத்தம் 116 ஹெக்டேர். சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் இதிலிருந்துதான். 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பக்கத்திலேயே ஐம்பது வருஷம் இருந்தும் உள்ளே வந்ததில்லை. கொழுந்து எடுக்கிறவளுக்குக் கண் எப்போதும் செடி மட்டத்தில்தானே.

மத்தியானம் கன்னேரிமுக்கு போனோம். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா, இப்போது நீலகிரி வரலாற்றுக்கான இடம். பழைய படங்களின் முன்னால் வெகுநேரம் நின்றேன். சல்லிவன் வந்தது வரலாறு என்றால் நாங்கள் வந்ததும் வரலாறுதான். இப்படி ஓர் அறையில் எங்கள் தகரப் பெட்டி ஒன்றும் இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

வெளியே உட்கார்ந்து தேங்காய் ரொட்டியும் சம்பலும் பிரித்தோம்.

"அந்தப் பெட்டி இன்னும் இருக்கா?"

"கட்டிலுக்கடியில் இருக்கு. அப்பாவோட பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, எல்லாம் அதிலேதான்."

"இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட காட்டலையே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.