கோப்பாயிலிருந்து ரொறன்ரோவுக்கு: அம்மாவுடன் 39 மணி நேரம்

தம்பிக்குப் பிள்ளை பிறந்ததும், அம்மாவை ரொறன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மாவுக்கு 74 வயது. சீனி வருத்தம், முழங்கால் நோ. "எத்தினை மணித்தியாலம் பிள்ளை இருந்தபடி இருக்க வேணும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

தேடிப் பார்த்தால், எங்கள் கோப்பாய் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே சுமார் 13,700 கிலோமீற்றர். பூமி உருண்டை என்பதால் அந்த மிகக் குறுகிய வழி வடக்கே பனிக்கடல் வரை ஏறி இறங்குகிறது. எங்களுக்குக் கிடைத்த விமானங்களோ வேறு வழி: கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து டுபாய்க்கு 3,300 கிலோமீற்றர் அளவில், அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 11,000. பறக்கும் நேரம் மட்டும் பதினெட்டரை மணி.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம்தானே, அப்படிப் போகலாமே என்று பலரும் சொன்னார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசாவும் வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு அது சரிவராது.

டுபாயில் ஒன்றேகால் மணி இடைவெளியோடு மலிவான டிக்கெட் ஒன்று கிடைத்தது. வேண்டாம் என்று விட்டேன். முழங்கால் நோவோடு அந்த விமான நிலையத்தில் அவசரப்பட முடியாது. ஐந்தே முக்கால் மணி இடைவெளி உள்ளதை எடுத்தேன். சக்கர நாற்காலி வேண்டும் என்பதையும் டிக்கெட் போடும்போதே பதிந்துவிட்டேன். வயதானவர்களோடு போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

சனி காலை 7 மணிக்குக் கோப்பாயில் வான் ஏறினோம். வவுனியா, புத்தளம் வழியாகக் கட்டுநாயக்க சேரும்போது பிற்பகல் மூன்று மணி. முழுப் பயணத்திலும் அம்மாவைக் களைக்க வைத்தது இந்த எட்டு மணி நேரம்தான். முதல் நாளே வந்து நீர்கொழும்பில் தங்கியிருக்கலாம்.

மருந்து விஷயத்தில் டொக்டர் பெரிய உதவி செய்தார். எந்தக் குளிசை எப்போது என்று ஊர் நேரப்படியே ஒரு தாளில் எழுதித் தந்தார். அம்மா தன் கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. டுபாயில் நடுநிசி தாண்டியபோதும், பதினான்கு மணி நேரப் பறப்பில் ஜன்னலுக்கு வெளியே விடியாமல் நீண்ட அந்த இரவிலும், முள்ளைப் பார்த்துத்தான் குளிசைப் பெட்டியைத் திறந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி, இருக்கைகளைப் பிடித்தபடி கொஞ்சம் நடக்க வைத்தேன்.

தம்பி வீட்டு வாசலில் இறங்கும்போது ஞாயிறு பகல் பன்னிரண்டரை, நல்ல வெயில். அம்மாவின் கடிகாரத்தில் இரவு பத்து. பேரனை மடியில் வாங்கி, நெற்றியை முகர்ந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம், "படுக்கிற நேரம் ஆச்சு" என்று பிள்ளையைத் தம்பியிடம் நீட்டினார். நான்காம் நாள் காலையில், தானாகவே கடிகாரத்தைக் கழற்றித் தந்து, "இஞ்சத்தை நேரத்துக்கு மாத்தி விடு" என்றார்.