பாப்பா வாங்கி வைத்த புடவை

முதல் வருஷத் திதி முடிந்த மறுவாரமே அக்கா போன் செய்தாள். "தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வந்துடலாமா?" ஒரு வருஷமாக அவள் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தீட்டு என்று சொன்னாள். கோபம் என்று எனக்குத் தெரியும்.

அக்கா மகள் 26 வயதிலும் எங்களுக்குப் பாப்பாதான். வேலை கிடைத்தால் ஆண்டாளுக்குப் பட்டுப்புடவை என்று வேண்டியிருந்தாள். கிடைத்தது. முதல் சம்பளத்தில் கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட புடவை வாங்கி வைத்தாள். ஆடிப்பூரத்துக்குப் போய்ச் சாத்துவதாக இருந்தாள். ஆனியிலேயே காய்ச்சல் வந்து, ஒன்பது நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. பில்லோடு அந்தப் புடவை பீரோவிலேயே இருந்தது.

மதுரையிலிருந்து கிளம்பிய பஸ் கல்லுப்பட்டி தாண்டி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் ரோட்டோரம் வெயிலில் நின்றோம். கொடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்றாலும் அக்கா பையைத் தரவில்லை.

கோயிலில் முகூர்த்த நாள் கூட்டம். எங்கு திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பெண். இந்த நாளைப் பார்த்தா வந்தோம் என்று என்னையே நொந்துகொண்டேன். போதாததற்கு ஒருவன் கூடவே வந்தான். ஆயிரம் கொடுத்தால் சீக்கிரம் தரிசனமாம், ஆண்டாள் தாயார் கைக்கிளியும் வாங்கித் தருவானாம். தினம் ஒன்று புதிதாகக் கட்டிச் சாத்துகிற அந்தக் கிளிக்கு எத்தனை பேர்தான் ஏஜென்ட்! சரி, அதை விடுங்கள்.

ரெங்கமன்னாரோடு தாயார் நிற்கிறாள், பக்கத்தில் கருடன். இடக்கையில் மாதுளம்பூ மூக்கோடு பச்சைக்கிளி. ஏற்கெனவே சாத்துப்படி அலங்காரம் ஆகிவிட்டது, திருவடியில் வைக்கிறேன் என்று புடவையை வாங்கிக்கொண்ட பட்டர், "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். சுவாமி பேருக்கே பண்ணுங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பாப்பாவின் பேரைச் சொல்லிவிட்டாள். "சிம்ம ராசி, பூரம்."

"தாயார் நட்சத்திரமாச்சே! கல்யாணப் பிரார்த்தனையா?"

"ஆமா சாமி."

நான் தடுத்திருக்க வேண்டும். சாஸ்திரம் தெரிந்தவர்கள் கோபிக்க வேண்டாம், என்னால் முடியவில்லை. பட்டர் அந்தப் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்தார். ஒரு வருஷமாக வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத பேர். தாயார் கழுத்திலிருந்து ஒரு மாலையை எடுத்து அக்கா கையில் கொடுத்து, "பொண்ணு கழுத்துல போடுங்கோ" என்றார். அதுவரை கல் மாதிரி நின்றவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இடித்துக்கொண்டு நின்ற கூட்டம் எப்படியோ விலகி வழிவிட்டது. தாயே, நீ செய்ததுதான். டாக்டரால் முடியாதது, எங்களால் முடியாதது. அவள் அழுதுவிட்டாள் தாயே!

பிரகாரத்தில் கண்ணாடிக் கிணற்றை எட்டிப் பார்த்தபடி வெகு நேரம் நின்றாள். சூடிய மாலையோடு கோதை அழகு பார்த்த இடம். "இவளும்தான் கண்ணாடி முன்னாடி நின்னா நகர மாட்டாளே, எத்தனை திட்டியிருப்பேன்" என்றாள். சொல்லும்போது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பெண்ணைத் தூக்கிக் கொடுத்த பெரியாழ்வாருக்கு அப்புறம் இந்த நந்தவனத்தில் எப்படிப் பூப்பறிக்க மனசு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பால்கோவா கால் கிலோ போதும் என்றேன். அரைக் கிலோ வாங்கினாள், பாப்பா இருந்தபோது வாங்கியது போலவே. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

வீட்டுக்கு வந்ததும் மாலையைப் பாப்பாவின் படத்துக்குப் போடுவாள் என்று ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நேரே உள்ளே போய் பீரோக் கண்ணாடியில் மாட்டினாள்.