கப்பல் ஊருக்குத்தான் போகிறது

ஜூலை 30, 1945. தாரந்தோ, இத்தாலி

வடக்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர நான்கு நாள். வந்தது சரக்கு வேகனில். பக்கப் பலகையில் இத்தாலிய மொழியில் "குதிரை 8, ஆள் 40" என்று எழுதியிருக்கிறது. எங்கள் வேகனில் ஆள் 32தான். மூட்டை முடிச்சையும் எண்ணினால் குதிரைக் கணக்கு சரியாக வந்துவிடும்.

ஊருக்குப் போய் ஒரு மாத லீவு, அப்புறம் ஜப்பான்காரனோடு சண்டை என்று பேச்சு. எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அண்ணன் 1937இல், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மெட்ராஸில் ரஜுலா கப்பல் ஏறி, ரப்பர் பால்மரம் சீவ மலாயா போனவர். கடைசிக் கடிதம் 1941 நவம்பரில் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு ஒரு வரி இல்லை. எங்கள் பட்டாளம் மலாயாவில் இறங்கினால் தோட்டம் தோட்டமாக நானே தேடிப் பார்க்கலாம். இதை யாரிடமும் சொல்லவில்லை. சண்டை நீடிக்க வேண்டும் என்கிறவனை உதைக்காமல் விடுவார்களா?

ஆகஸ்ட் 1. கடலில்

கீழ்த்தட்டில் படுக்கை தூளிதான். மீசை வைத்த நூறு பிள்ளைகள் வரிசையாகத் தூளியில் ஆடிக்கொண்டு குறட்டை விடுகிறார்கள். வரும்போது இருட்டடிப்பு, மேல்தட்டில் பீடி பற்றவைக்கக்கூட விடவில்லை. இப்போது கப்பல் முழுக்க விளக்கு, தேர் மாதிரி. ஆனாலும் கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை இன்னும் முழுதாக எடுக்கவில்லை என்று காவல் போட்டிருக்கிறார்கள்.

கரை மறையும் வரை யாரும் பேசவில்லை. சுபேதார் சுப்பிரமணியன் நினைவு வந்தது. போன வருஷம் பிப்ரவரி 24, மின்யானோ. கண்ணிவெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் அதன்மேல் விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஜார்ஜ் கிராஸ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பாலம் போடும், வெடி வைக்கும் எங்கள் படையான மெட்ராஸ் சாப்பர்களில் அவர் பெயரைத் தெரியாதவன் கிடையாது.

ஆகஸ்ட் 5. போர்ட் சைத்

தோல் பை விற்பவர்கள் படகில் வந்து கப்பலைச் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணிக்கு ஒன்று வாங்கினேன். பேரம் படியவில்லை, ஏமாந்தேன். சூயஸ் கால்வாய் வெட்டிய லெசெப்ஸின் சிலை கையை நீட்டி வழிகாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆகஸ்ட் 7. செங்கடல்

இரும்பில் கை வைத்தால் சுடுகிறது. ஜப்பானில் ஒரே குண்டில் ஒரு நகரம் போய்விட்டதாம். ரேடியோவில் 20,000 டன் வெடிமருந்துக்குச் சமம் என்றார்கள். எங்கள் தொழிலே பாலம் கட்டுவதும் தகர்ப்பதும். ஒரு தூணுக்கு எத்தனை பவுண்டு வெடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். "ரேடியோக்காரன் சைபரைக் கூட்டிவிட்டான்" என்றார் ஹவில்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஆகஸ்ட் 11. ஏடன்

எண்ணெயும் தண்ணீரும் ஏற்றுகிறார்கள். எங்களை இறங்க விடவில்லை. ஜப்பான் பணியப் போகிறது என்று வதந்தி.

சயாம் (தாய்லாந்து) பக்கம் காட்டுக்குள் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துப் போனான் என்று முகாமில் கேள்விப்பட்டிருந்தேன். தோட்டத்துத் தமிழரும் உண்டாம். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. வேறு வேலை செய்கிறவனாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நாங்கள் துண்டு துண்டாகப் பூட்டிப் போடும் பெய்லி பாலத்தின் ஒரு இரும்புப் பலகம் 570 பவுண்டு, தூக்க ஆறு பேர். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி லாரியில் வந்து இறங்கும், வேளைக்குச் சோறு, அடிபட்டால் டாக்டர். அப்படியும் சேற்றில் முதுகு ஒடிந்தது. ஒன்றுமே இல்லாமல், மழைக்காட்டில், மரத்தை வெட்டிப் பாலம் போடு என்றால்? நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 15. அரபிக்கடல்

யுத்தம் முடிந்தது. சங்கு ஊதியது, ரம் ஊற்றினார்கள், டின் தட்டை வைத்துப் பறை அடித்தார்கள். நானும் ஆடினேன், பொய்யில்லை. ராத்திரி தூளியில் ஏறிப் படுத்த பிறகுதான் உறைத்தது, மலாயாவுக்கு எனக்கு இருந்த ஒரே டிக்கெட்டும் கிழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 17. பம்பாய்

போன வருஷம் ஏப்ரலில் வெடிகுண்டு ஏற்றிய கப்பல் வெடித்த துறைமுகம். நாங்கள் சண்டையில் இருந்தபோது ஊரிலும் இவ்வளவு நடந்திருக்கிறது. ரயிலில் இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 22. பெங்களூர்

அல்சூர் ஏரிக்கரை, எங்கள் டிப்போ. லீவு பாஸ் கையில். மலாயாவுக்குப் போகும் கம்பெனி எதிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தேன். கிளார்க் இரண்டு தரம் படித்தார். "தம்பி, எல்லாரும் வெளியே போக மனு கொடுக்கிறான், நீ உள்ளே போகக் கொடுக்கிறாயே" என்றார். சாப்பர் என்றாலே வெள்ளைக்கார அதிகாரி முதல் எல்லாருக்கும் "தம்பி"தான். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஊர் ஞாபகம்.

ஆகஸ்ட் 25. ஊர்

குடியாத்தம் ஸ்டேஷனில் பத்திரிகையைச் சுற்றிக் கூட்டம். சுபாஷ் சந்திர போஸ் விமானம் விழுந்து இறந்தாராம். ஒரு பையன் என் காக்கி உடுப்பையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அண்ணி நெற்றியில் குங்குமம் இருந்தது. "தம்பி, இளைச்சிட்டீங்க" என்றார், தண்ணீர் கொடுத்தார், தோல் பையைத் தடவிப் பார்த்துவிட்டு மாடத்தில் வைத்தார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம்தான், "நீங்க போன கடலும் அவரு போன கடலும் ஒண்ணுதானா?" என்றார்.

அடுப்புக் கரியால் திண்ணையில் கோடு போட்டுக் காட்டினேன். இது நம்ம ஊர், இது பம்பாய், சூயஸ், இத்தாலி. இந்தப் பக்கம் மெட்ராஸ், பினாங்கு. அண்ணி இரண்டு பக்கமும் சாண் போட்டு அளந்தார்.

"அவரு பக்கத்துலதான் இருக்காரு. நீங்கதான் ரொம்ப தூரம் போயிருக்கீங்க."

ஆமாம் அண்ணி என்றேன். உலை கொதிக்கிறது என்று எழுந்து போனார்.