ஸ்டோக் புரூயர்ன் படப்பெட்டி: பிப்ரவரிக் குறிப்புகள்

பிப்ரவரி 3
பெட்டி வந்துவிட்டது: இங்கிலாந்தின் கால்வாய்க் கிராமமான ஸ்டோக் புரூயர்னின் பழைய கண்ணாடித் தகடுகள், அச்சுப் படங்கள், அஞ்சலட்டைகள். ஸ்கேன் செய்து திருப்ப வேண்டும். இன்று திறக்கக் கூடாது. குளிரில் பயணம் செய்த கண்ணாடித் தகடு சூடான அறையில் உடனே வியர்த்துவிடும். ஈரம் பட்டால் படம் பதிந்த ஜெலட்டின் பூச்சு வீங்கி ஓரத்திலிருந்து உரியும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும்.

பிப்ரவரி 4
பளபளக்கும் பக்கம் கண்ணாடி, மங்கிய பக்கம் எமல்ஷன், அதாவது அந்த ஜெலட்டின் பூச்சு. ஈரத்துணி கண்ணாடிப் பக்கத்துக்கு மட்டும். எமல்ஷனுக்கு ஊதுபந்தின் காற்றோடு சரி. பருத்திக் கையுறை வேண்டாம்: கண்ணாடி வழுக்கும், உரிந்த ஓரத்தில் நூல் மாட்டும். நைட்ரைல் போதும். தகடுகளை நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் அடியில் இருப்பது விரிசல் விடும். ஸ்கேனரின் கண்ணாடியில் தகட்டை அப்படியே வைத்தால் வானவில் வளையங்கள் விழும். நான்கு ஓரத்திலும் மெல்லிய அட்டைப் பட்டை கொடுத்துத் தூக்க வேண்டும்.

பிப்ரவரி 5
படம் 31. மேல் லாக் (படகை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி), ஒரு படகு, கரையில் தொப்பி போட்ட ஆள். இடம் வலமாக மாறி அச்சாகியிருக்குமோ?

பிப்ரவரி 7
அஞ்சலட்டைகள். ஆண்டு சொல்வதில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முத்திரைத் தேதி அட்டை தபாலில் போன நாளைச் சொல்லும், படம் எடுத்த நாளை அல்ல. நன்றாக விற்ற நெகட்டிவ் ஒன்றைப் பல வருடம் திரும்பத் திரும்ப அச்சிடுவார்கள். பின்பக்கம் நடுவே கோடு இருந்தால் அட்டை 1902 அல்லது அதற்குப் பிந்தியது. அரைப் பென்னிக்கு உள்நாட்டு அட்டை போனது 1918 ஜூன் வரை. தபால்தலையில் ஏழாம் எட்வர்டு இருந்தால் அந்தத் தபால்தலை வெளிவந்த 1902 ஜனவரியிலோ அதற்குப் பின்போதான் அனுப்பியிருக்க முடியும். ஆனால் மீந்த தபால்தலைகளை அவர் இறந்த 1910-க்குப் பிறகும் ஒட்டுவார்கள். ஆகவே இரண்டு எல்லைகள் எழுதலாம், ஒற்றை ஆண்டு எழுதக் கூடாது.

பிப்ரவரி 8
பெட்டியைத் திருப்பும் நாளைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பிப்ரவரி 10
இன்று கோபம். யாரோ இதே லாக்கின் படம் ஒன்றுக்கு மென்பொருளால் நிறம் தீட்டிப் போட்டிருக்கிறார்கள். கரும்பலகை போன்ற படகு, பளீரென்ற வெள்ளை எழுத்து. அந்தக் காலத்துத் தகடு நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இசையும். சிவப்பும் மஞ்சளும் அதில் கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். வானம் எப்போதும் வெறும் வெள்ளையாக, மேகமே இல்லாமல் தெரிவதும் இதனால்தான். ஃபெல்லோஸ் மார்ட்டன் அண்ட் க்ளேட்டன் நிறுவனத்தின் படகுகளில் முன்பு கறுப்பு வெள்ளைதான். 1920-களில்தான் சிவப்பு, மஞ்சள், பச்சை வந்தது. படத்தில் கறுப்பாக இருக்கும் பலகை உண்மையில் கறுப்பா சிவப்பா என்று தகட்டைக் கேட்டால் அது சொல்லாது. மென்பொருள் மட்டும் சொல்லிவிடுமா?

பிப்ரவரி 11
வெள்ளை ஏப்ரன் போட்ட பெண் கதவருகே நின்றால் உடனே "சிஸ்டர் மேரி வார்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். படகுக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்தவர், 1951-ல் பிரிட்டிஷ் எம்பயர் மெடல் வாங்கியவர், எல்லாம் சரி. ஊரில் ஏப்ரன் கட்டியவர் அவர் ஒருவர்தானா?

பிப்ரவரி 13
ஆண்டைப் பிடிக்க நம்பத்தகுந்தவை பொருட்கள்தான். ஊருக்கு அருகிலுள்ள பிளிஸ்வொர்த் கால்வாய்ச் சுரங்கத்தின் வாயிலில் நீராவி இழுபடகு புகை விட்டால் 1871-க்குப் பிறகு. அதற்கு முன் 2,813 மீட்டர் நீளத்தையும் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்தே படகைத் தள்ளினார்கள். உள்ளே குதிரைப் பாதை கிடையாது. குதிரை மலை மேலே நடந்து மறுபக்கம் போய்க் காத்திருக்கும். பின்பக்கம் வளைந்த இரும்புச் சுக்கான்பிடியோடு, குதிரையின்றி ஒரு படகு இன்னொன்றை இழுத்தால் என்ஜின் வந்த காலம். இழுபடும் படகில் பெரிய மரச் சுக்கான் இருக்கும். கைவிட்ட பக்கத்து லாக்கில் இரும்புத் தராசு தெரிந்தால், அது வேல்ஸின் கிளமோர்கன்ஷைர் கால்வாயிலிருந்து கொண்டுவந்த படகு எடைக்கருவி. 1963-ல் ஊரின் மாவு ஆலை அருங்காட்சியகம் ஆன பிறகுதான் இருக்க முடியும். சுரங்க வாய்க்கு வெளியே பெரிய கான்கிரீட் வளையம் நின்றால், 1984-ல் சுரங்கம் பழுதுபார்த்துத் திறந்த காலத்தை ஒட்டியதோ அதற்குப் பிந்தியதோ. மரங்களை மட்டும் நம்பக் கூடாது. வெட்டுவார்கள், வளரும்.

பிப்ரவரி 14
31. படகின் பக்கத்தில் தெரிவது ஒரே ஒரு ஆங்கில எழுத்து: O. எப்படித் திருப்பினாலும் O O-தான். அடுத்த எழுத்தை மறைத்துக்கொண்டு கயிறு தொங்குகிறது.

ஆணின் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வரும், பொத்தான் அவருடைய வலப்பக்கம். கரையில் நிற்பவரின் கோட்டில் அதைப் பார்க்கலாமென்றால், கை மார்பில் மடித்திருக்கிறது. அங்குலத்துக்கு 600 புள்ளிக்கு மேல் ஸ்கேன் செய்தால் காகிதத்தின் நார்தான் பெரிதாகும்.

பிப்ரவரி 15
பெட்டி திரும்பப் போக வேண்டிய நாளை மாற்ற முடியாதாம்.

பிப்ரவரி 16
மெல்லிய காகிதம், அட்டையில் ஒட்டியது, வெளிச்சப் பகுதி மஞ்சளித்தது: ஆல்புமென் அச்சு, முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் எடுத்தது. கறுத்த இடங்களில் கண்ணாடி போல வெள்ளி மினுக்கினால் ஜெலட்டின் அச்சு, பிந்தியது. சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன ஒன்றும் இருக்கிறது. இழுக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன். பின்பக்கக் குறிப்புக்கு மென்மையான பென்சில். பால்பாயிண்ட் எழுதினால் முன்பக்கம் மேடு தட்டும்.

பிப்ரவரி 17
31-ன் அச்சு கொஞ்சம் மங்கல். தகட்டின் எமல்ஷன் காகிதத்தைத் தொட்டு அச்சாகியிருந்தால் கூர்மை வந்திருக்கும். கண்ணாடி நடுவே இருந்தால் படமும் இடம் வலமாக மாறும், கூர்மையும் போகும். சந்தேகம் வலுக்கிறது. ஆனால் கேமரா அசைந்தாலும் மங்கும்.

பிப்ரவரி 18
படம் 12-ல் ஓலைக்கூரை போட்ட சத்திரம் தெரிகிறது, பழைய லாக்கின் செங்கல் விளிம்பும் தெரிகிறது. 31-லும் ஒரு விளிம்பு இருக்கிறது, ஆளின் காலுக்குப் பின்னால். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, லாக் கதவைத் தள்ளும் நீள மரத்தின் முனையிலிருந்து அளக்க வேண்டும்.