ரைட் ஓஃப் ஆன காரும் அதற்கு அவர்கள் சொன்ன விலையும்

காருக்கு 9,100 பவுண்ஸ் தருவதாகக் காப்புறுதி நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியபோது, சொந்தம் பந்தம் எல்லாரும் சொன்னது ஒன்றைத்தான்: "தாறதை வாங்கிக்கொண்டு வேறை காரை எடு." அக்கறையில் சொன்னது அது. மனைவி லண்டனில் ஹரோ, ஸ்ரான்மோர் பக்கங்களில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறார். கார் இல்லாவிட்டால் அவருக்கு வேலை நேரமே கொடுக்கமாட்டார்கள். எனக்குப் பார்க் றோயலில் இரவு வேலை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு நாங்கள் சொந்தமாக வாங்கிய பெரிய பொருள் அந்தக் கார்தான்.

சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் வந்த வான் மோதியது. பிழை முழுவதும் தன் பக்கம் என்று வான் ஓட்டியவரே ஒத்துக்கொண்டார். எங்களுக்குக் கழுத்து நோவோடு போயிற்று. காரின் பின்சட்டகம் மட்டும் வளைந்துவிட்டது. திருத்தும் செலவு காரின் பெறுமதிக்கு ஒத்துவராது என்று சொல்லி, அதை 'எஸ்' வகை ரைட் ஓஃப் ஆக்கினார்கள். பிரித்தானியாவில் 2017 ஒக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகைகள் இருக்கின்றன. ஏ, பி இரண்டும் திரும்ப வீதிக்கு வரவே முடியாதவை. எஸ் என்றால் சட்டகத்தில் சேதம், என் என்றால் சட்டகம் தப்பியது. இந்த இரண்டையும் திருத்தி ஓடலாம். விரும்பினால் சேதமான காருக்குக் கிடைக்கும் கழிவு விலையைத் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு காரை நாங்களே வைத்திருக்கவும் கேட்கலாம். நான் கேட்கவில்லை. பிள்ளையை ஏற்றும் காரில் வளைந்து நிமிர்த்திய சட்டகம் எனக்கு வேண்டாம்.

ஆனால் 9,100 பவுண்ஸுக்கு அதே மாதிரிக் கார் எங்கும் இல்லை. அது 2016ஆம் ஆண்டு ரொயோட்டா யாரிஸ் ஹைபிரிட், 41,000 மைல் ஓடியது. அந்த 2023 கடைசியில், அதே வயதும் அதே அளவு ஓட்டமும் உள்ள கார்கள், கார் விளம்பரத் தளமான ஓட்டோ ட்ரேடரில் 10,700க்கும் 11,400க்கும் இடையில் விலை போட்டிருந்தன. 1,600 பவுண்ஸ் வித்தியாசம் என்பது எங்களுக்கு ஒரு மாத வீட்டு வாடகை.

எங்கள் ஆட்கள் ஏன் முதல் தொகைக்கே தலையாட்டிவிடுகிறார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஊரில் கச்சேரி என்னும் அரச அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் போல இதையும் படிக்கிறோம். தலைப்பும் இலக்கமும் கையெழுத்தும் போட்டு வந்தால் அது தீர்ப்பு, இனிப் பேச ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் வாதாட வேண்டுமே என்ற தயக்கம் வேறு. எதிர்த்துக் கேட்டால் அடுத்த வருடக் காப்புறுதியில் கை வைப்பார்கள், விசாவுக்குப் பிரச்சினை வரும் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பயத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. நீங்கள் பணம் கட்டி வாங்கிய ஒப்பந்தம் அது. அதில் எழுதியிருப்பதைத்தான் கேட்கிறீர்கள்.

என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலான ஒப்பந்தங்களில் சந்தைப் பெறுமதி என்ற சொல் இருக்கும். அதே தயாரிப்பு, அதே மொடல், அதே வயது, அதே ஓட்டம், அதே நிலையில் உள்ள இன்னொரு காரை விபத்துக்குச் சற்று முன் வாங்க என்ன செலவாகியிருக்குமோ அதுதான் அதன் சாரம். நீங்கள் வாங்கிய விலை அதில் கணக்கில்லை. காரில் இன்னும் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதும் கணக்கில்லை. வியாபாரிகள் தங்களுக்குள் ஏலத்தில் வாங்கும் மொத்த விலையும் அதற்குப் பொருந்தாது. உங்களைப் போல ஒருவர் கடையில் போய் வாங்கும் விலையே அடிப்படை.

வெம்பிளியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் எனக்குச் சொன்னதுதான் வழியைத் திறந்தது. "தம்பி, காசு காணாது எண்டு சொல்லாதை. அவங்கட றிப்போட்டை அனுப்பச் சொல்லிக் கேள். எந்தக் காரைப் பாத்து விலை போட்டவங்கள் எண்டு முதல்ல பார்."

கேட்டேன், அனுப்பினார்கள். பார்த்தால், அவர்கள் விலை போட்டது என் காருக்கே இல்லை. யாரிஸில் ஐகன், எக்செல் என்று தரங்கள் உண்டு. என்னுடையது மேல்தரமான எக்செல், அறிக்கையில் ஐகன். ஓட்டம் 52,000 மைல் என்று இருந்தது. மைல்மானியைப் பார்க்காமல் வயதை வைத்துச் சராசரி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பின் கதவில் பழைய கீறலுக்கு என்று 250 பவுண்ஸ் கழித்திருந்தார்கள். ஏழு வருடக் காரில் அந்த அளவு கீறல் இயல்பான தேய்மானம். அதையும் கணக்கில் எடுத்துத்தான் சந்தை விலையே நிற்கிறது.

ஓட்டத்தை நிரூபிக்க ஒரு சதமும் செலவில்லை. கார் வீதிக்கு ஏற்றதா என்று வருடா வருடம் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையின் வரலாறு அரசாங்க இணையத்தளத்தில் கார் இலக்கத்தை அடித்தால் வந்துவிடும். ஒவ்வொரு வருடச் சோதனையிலும் பதிவான மைல் அதில் இருக்கிறது. தரத்தை நிரூபிக்க வாங்கியபோது தந்த பற்றுச்சீட்டு. சேவை வரலாறு முழுமையாக இருந்தது. ரொயோட்டா முகவர்களிடம் சேவை செய்தால் பத்து வருடம் அல்லது 100,000 மைல் வரை வருடா வருடம் உத்தரவாதம் நீளும், அது காரை வாங்குபவருக்கும் கைமாறும். அதையும் எழுதினேன். போன வருடம் போட்ட புது டயர்களைப் பற்றி எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். டயர், பற்றரி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் விலை ஏற்றமாட்டார்கள். பலவீனமான வாதம் ஒன்று நுழைந்தால் பலமானதையும் சேர்த்துத் தட்டிவிடுவார்கள்.

ஒத்த கார்களின் விளம்பரங்களைச் சான்றாக எடுக்கும்போது கவனம் வேண்டும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து, திகதியோடு சேமியுங்கள், விற்றுப்போனால் பக்கம் மறைந்துவிடும். அதிக விலையுள்ளதை மட்டும் பொறுக்கி அனுப்பினால் நம்பமாட்டார்கள். வயதும் தரமும் ஓட்டமும் நெருங்கிய கார்கள், வியாபாரிகள் விற்பவை, அவற்றில் மலிவானதையும் சேர்த்தே அனுப்பினேன். விளம்பர விலையில் பேரம் பேசிக் குறைப்பார்களே என்று அவர்கள் சொல்வார்கள், அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆகவே ஓட்டோ ட்ரேடரின் இலவச மதிப்பீட்டையும் சரியான தரம், சரியான மைலோடு எடுத்து இணைத்தேன். நிறுவனங்களும் கிளாஸஸ், காப் போன்ற விலை வழிகாட்டிகளைத்தான் பார்க்கின்றன.

தொலைபேசியில் பேசவேண்டாம் என்று முடிவெடுத்திருந்தேன். எழுத்தில் போனால் என் ஆங்கிலத்தை நான் ஆறுதலாகத் திருத்திக்கொள்ளலாம், அவர்கள் சொன்னதும் பதிவாகும்.

முதல் பதில் 9,600. தரத்தைத் திருத்திவிட்டு மைலைத் திருத்தவில்லை. அதோடு, கார் கழிவு முற்றத்துக்குப் போகப்போகிறது, சீக்கிரம் ஒத்துக்கொள்ளுங்கள் என்ற தொனி. இங்கேதான் ஆட்கள் உடைந்துபோகிறார்கள். ஏனென்றால் காப்புறுதி நிறுவனம் தற்காலிகமாகத் தரும் மாற்றுக் கார் பல ஒப்பந்தங்களில் திருத்தவேலை நடக்கும் காலத்துக்கு மட்டும்தான். ரைட் ஓஃப் என்றதும் அதைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். மனைவி பஸ் மாறி மாறி வேலைக்குப் போய், இரண்டு வீடுகளின் பராமரிப்பு வேலையை இழந்திருந்தார். அந்த நேரத்தில் மிச்சக் காசுக்காக இழுபடுவது சரியா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அதற்குத் தீர்வு இருக்கிறது. பிணக்கில்லாத தொகையை இடைக்காலக் கொடுப்பனவாகத் தாருங்கள், மிகுதியைப் பற்றிய முறைப்பாடு தொடரும் என்று எழுதிக் கேட்கலாம். கேட்டேன், 9,600இல் எக்சஸை, அதாவது ஒப்பந்தப்படி நாங்களே ஏற்கவேண்டிய தொகையை, கழித்துக் கணக்கில் போட்டார்கள். முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன் என்ற வாசகத்தில் மட்டும் ஒப்பமிடவில்லை. கார் வாங்கக் கையில் காசு வந்ததும் அவசரம் போய்விட்டது.

பிறகு முறையான முறைப்பாடு என்று தலைப்பிட்டு எழுதினேன். அந்தச் சொல்லைப் போட்டால் காலக்கெடு ஓடத் தொடங்கும். நிறுவனம் எட்டுக் கிழமைக்குள் இறுதிப் பதில் தரவேண்டும். திருப்தி இல்லையென்றால் அந்தப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள், இப்படியான பிணக்குகளைத் தீர்க்கும் நிதிசார் குறைகேள் அதிகாரி சேவையிடம் (ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மன்) போகலாம். எங்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அவர்களின் இறுதி முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். விலை வழிகாட்டிகளில் உயர்ந்த தொகையைவிடக் குறைத்துக் கொடுப்பதென்றால், அது ஏன் நியாயம் என்று நிறுவனமே சான்று காட்டவேண்டும் என்பது அந்தச் சேவையின் அணுகுமுறை. 2022 டிசம்பரில், இந்த நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை அதிகாரசபையும் (எஃப்.சி.ஏ.) காப்புறுதி நிறுவனங்களை வெளிப்படையாக எச்சரித்தது. நியாயமான சந்தைப் பெறுமதியைவிடக் குறைத்துச் சொல்லிவிட்டு, முறைப்பாடு செய்தால் மட்டும் கூட்டிக் கொடுப்பது கூடாது என்பதே அதன் உள்ளடக்கம். இந்த இரண்டையும் கோபமில்லாமல் இரண்டு வரியில் குறிப்பிட்டேன்.

குறைகேள் அதிகாரிவரை போகத் தேவைப்படவில்லை. 10,650க்கு வந்தார்கள். மைலைத் திருத்தி, கீறலுக்குக் கழித்ததையும் திரும்பச் சேர்த்திருந்தார்கள். கராஜ் அண்ணையும் அது சரியான விலைதான் என்றார், ஏற்றுக்கொண்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தராத சில சில்லறை விஷயங்களும் இதில் இருக்கின்றன. காரைத் தூக்கிக்கொண்டு போகுமுன் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். விபத்தில் இருந்த குழந்தை இருக்கையைத் திரும்பப் பாவிக்கக்கூடாது என்பதே இங்குள்ள பொதுவான அறிவுரை. பல ஒப்பந்தங்கள் புது இருக்கைக்கும் பணம் தரும், கேட்டால்தான் தரும். காரை நிறுவனம் எடுத்துக்கொண்டதை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.க்கு நீங்களே அறிவிக்கவேண்டும், தவறினால் 1,000 பவுண்ஸ் வரை தண்டம் வரலாம். அறிவித்தால் வீதி வரியில் மிச்சமுள்ள முழு மாதங்களுக்கான பணம் திரும்பி வரும். கார் கடனில் இருந்தால் பணம் முதலில் கடன் நிறுவனத்துக்கே போகும்.

எக்சஸ் 350 பவுண்ஸை எதிர்த்தரப்பிடமிருந்து பிறகு மீட்டுத் தந்தார்கள். மாதாமாதம் பிரீமியம் கட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ரைட் ஓஃப் தொகை கொடுத்ததும் அந்த வருட ஒப்பந்தம் நிறைவேறியதாகக் கணித்து, மிச்ச மாதங்களின் பிரீமியத்தைத் தொகையிலிருந்து கழிக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒப்பந்தத்தை முடித்துவிடாமல் புதுக் காரை அதிலேயே மாற்றிப் போடலாமா என்று, பணத்தை ஏற்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு மாற்றித் தந்தார்கள், மிச்ச மாதங்கள் அந்தக் காப்புறுதியிலேயே ஓடின.