காஞ்சிபுரத்தில் ஒரு மூன்று நாடாத் தறி

நேற்று காஞ்சிபுரம். முதலில் கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் எழுப்பி 1,300 ஆண்டு ஆகியும் சில சிற்றறைகளில் பழைய ஓவியத்தின் நிறம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அப்புறம் பிள்ளையார்பாளையம். ஒரு வீட்டில் கோர்வைச் சேலை தறியில் இருந்தது. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம், அதனால் ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஏந்தி ஓடும் நாடா மூன்று. அண்ணன் தறிக் குழியில் இறங்கி மிதிகட்டையை மிதிக்க, பக்கத்தில் அமர்ந்த அக்கா ஒவ்வொரு ஊடைக்கும் கரை நாடாவைத் தள்ளுகிறார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை, ஆனால் கை தவறவில்லை.

"தொட்டுப் பாருங்க தம்பி" என்றார் அக்கா. இரு நிற இழைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்ட இடத்தில் விரல் வைத்தேன். அவ்வளவு உறுதி. அரை மணி நேரம் நின்றிருப்பேன். துணி நாலு விரல்கூட வளர்ந்திருக்காது.