டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு மெயில் சர்வர்

சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில், மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும் வந்த மெயிலைப் படிக்கத் தரும் டவ்காட்டும் ஏற்றி, சொந்த டொமைனுக்கு வீட்டிலேயே மெயில் சர்வர் வைக்க இறங்கினேன். நிறுவியது ஒரே மாலையில். அப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது.

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் வெளி ஐபி முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை இருப்பவை இணைய நிறுவனத்தின் உள்சுற்று முகவரிகள். ஒரு பொது ஐபியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. வெளியிலிருந்து யாரும் நம் கதவைத் தட்டவே முடியாது. வாடிக்கையாளர் சேவையில் மூன்று பேரிடம் ஒரே கதையைச் சொன்ன பிறகு பொது ஐபி கிடைத்தது. அதுவும் நிலையானது இல்லை, ரவுட்டர் அணைந்து எழுந்தால் மாறிவிடும். எங்கள் தெருவிலோ மின்வெட்டுக்குக் குறைவில்லை.

சரி என்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஐபியைப் பார்த்து, டொமைன் பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவைத் திருத்தும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, அந்தப் பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்லை 300 விநாடியாகக் குறைத்தேன். வரும் மெயிலுக்கு இதுவே போதும். நம் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கெடு 5 நாள். என் பயம் வேறு. நம் பழைய ஐபி போய்ச் சேர்ந்த வீட்டிலும் ஒரு மெயில் சர்வர் ஓடினால், அது "இப்படி யாரும் இங்கே இல்லை" என்று திருப்பியனுப்பிவிடும். அந்தச் சில நிமிட இடைவெளிக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

அனுப்பும்போதுதான் மூக்கு உடைபட்டது. தங்கைக்குப் போட்ட முதல் மெயில் இரண்டே விநாடியில் 550 என்ற நிராகரிப்பு எண்ணோடு திரும்பியது. சர்வரின் பதிவேடான லாகில், ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியல் காரணமாக நின்றது. ஸ்பாம் அனுப்பிப் பிடிபட்டவர்களின் பட்டியல் அல்ல அது. நேரடியாக மெயில் அனுப்பக்கூடாத வீட்டு இணைப்பு முகவரிகளின் பட்டியல். நீக்கச் சொல்லிக் கேட்கலாம்தான், நாளைக்கே மாறிவிடும் ஐபிக்கு எதற்கு? டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பமான டிகிம் இரண்டும் சரியாக இருந்தும் பயனில்லை. ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவும் இணைய நிறுவனத்தின் கையில். அதில் என் ஐபி எண்களையே கோத்த ஒரு நீளப் பெயர்.

வீம்பை விட்டுவிட்டு, வெளியே போகும் மெயிலை மட்டும் 587 போர்ட் வழியாக, நமக்காக மெயிலை அனுப்பித்தரும் கட்டண ரிலே சேவை ஒன்றுக்குத் திருப்பினேன். எஸ்பிஎஃப்பில் அவர்களைச் சேர்க்க மறந்து, ஒரு நாள் முழுக்க என் மெயிலெல்லாம் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது தனிக்கதை.

போன வாரம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் லாகைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக, அனுப்பியவர்களின் சர்வர்கள் மறுபடி வந்து தட்டின.